அவசரக் கதவோர இருக்கையும் தவமணி அக்காவும்

செய்தி எனக்குச் சூலியா தெருவில் கிடைத்தது. மெட்ராஸில் படிக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால், நாணயம் மாற்றும் கடையில் என் முறைக்காக நின்றுகொண்டிருந்தேன். ரஹீம் தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தான். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பல வருடங்கள் என்னோடு வேலை பார்த்தவன். இப்போது அதே தெருவில் அண்ணனின் சாப்பாட்டுக் கடையைக் கவனித்துக்கொள்கிறான். "அண்ணே, தவமணி அக்கா காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்" என்றான். நான் தலையை ஆட்டினேன். அவன் என் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "வாயால சொல்லுங்கண்ணே. காதுல விழுந்துச்சா?" என்று கேட்டான். விழுந்தது என்றேன். அந்தக் கேள்வி யாரிடமிருந்து அவனுக்கு ஒட்டிக்கொண்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டபோது நான் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தேன்.

பாயான் லெப்பாஸில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவமணி அக்கா எங்கள் விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டரில் சேர்ந்து, பிறகு அதே கவுண்டர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. திருமணம் செய்துகொள்ளவில்லை. கிரீன் லேனில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார். அதற்காக நாங்கள் அவரை ஓயாமல் கிண்டல் செய்திருக்கிறோம், அவரும் ஓயாமல் 'ஓம்' சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பயணிகளோடு பேசும் வேலையில் இருந்தவன் அல்ல. விமானத்தில் எவ்வளவு எடை, பெட்டிகள் எந்தப் பக்கம், ஆட்கள் எந்தப் பக்கம் என்று பிரித்து, அது முன்னாலோ பின்னாலோ சாயாமல் எழும்பும்படி கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. என் தாளில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. ஆண், பெண், குழந்தை என்று ஆளுக்கொரு சராசரி எடை, அவ்வளவுதான். அந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. துக்கச் செய்தி வந்தாலும் எனக்கு முதலில் கணக்குத்தான் வரும், கண்ணீர் பிறகுதான் வரும். "தம்பியைப் பொறுத்தவரைக்கும் நானும் ஒரு சராசரிதான்" என்று அக்கா சொல்வார். ஆகவே இந்தக் கட்டுரையில் அழுகையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வரிசை இருக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இறக்கைக்கு நேராக இருக்கும் அவசரக் கதவை ஒட்டிய வரிசை அது. ஆபத்து என்றால் பணிப்பெண் ஓடி வந்து அந்தக் கதவைத் திறக்க மாட்டாள், அவளுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயணிதான் கதவைப் பெயர்த்து எடுத்து வெளியே போட வேண்டும். அதனால் குழந்தைகள், தள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், கை கால் சரியில்லாதவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், சிப்பந்திகள் சொல்வது புரியாதவர்கள் அங்கே உட்காரக் கூடாது என்பது விதி. எழுபதுகளில் இந்த விதி கைப்புத்தகத்தில் எங்கோ ஒரு பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

எங்கள் கண்ணுக்குப் பட்டது ஒன்றே ஒன்று. அந்த வரிசையில் காலை நீட்டி உட்காரலாம். காலை நீட்டலாம் என்றால் அது நல்ல இருக்கை. நல்ல இருக்கை என்றால் நம் ஆட்களில் யாருக்குப் போகும்? கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியும் மின்விசிறிக்கு நேர் கீழ் இடமும் யாருக்கோ அவருக்கே போகும். முட்டிவலிக்காரப் பெரியவர், நிறைமாத மருமகள், கைத்தடியோடு வரும் கோயில் தலைவர். சீன நண்பர்களும் மலாய் நண்பர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். கோலாலம்பூர் வழியாக மெட்ராஸ் போன ஒரு யாத்திரைக் கூட்டத்தில், கதவின் இரண்டு பக்கமும் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் ஏற்றிய பெரியவர்களாகவே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். விமானத்திலேயே நடக்க முடியாதவர்கள் எல்லாரையும் பொறுக்கியெடுத்துக் கதவுக்குக் காவல் வைத்திருந்தோம். நல்ல சேவை செய்ததாகத்தான் அன்றைக்கு எல்லாருக்கும் திருப்தி.

தவமணி அக்கா மேற்பார்வையாளர் ஆனதும் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். படித்ததோடு விட்டிருந்தால் பெரிய விஷயமில்லை. பழுதுபார்ப்புக்காக ஒரு விமானம் பகல் முழுவதும் நின்றிருந்த நாளில், அந்தக் கதவைத் தானே தூக்கிப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்களிடம் போய் நின்றார். அவர்கள் சிரித்தார்கள். உடம்பை ஒட்டித் தைத்த சீருடைக் கெபாயாவோடு ஏறி, அந்த இருக்கையில் உட்கார்ந்து, பிடியை இழுத்து, கதவைப் பெயர்த்து இறக்கை மேல் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். என் அறைக்கு வந்தபோது கெபாயாவில் கரி, விரலில் ஒரு நகம் உடைந்திருந்தது. "தம்பி, காலி கேஸ் தோங் ஒண்ணு என்ன கனம் இருக்குமோ அந்தக் கனம். ஆனா கேஸ் தோங்க நின்னுக்கிட்டுத் தூக்கலாம். இத உக்காந்த இடத்துலருந்து தூக்கி வெளிய போடணும்" என்றார். வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு உருளையைச் சொன்னார். அதன்பிறகு கவுண்டரில் அவர் எல்லாரிடமும் அந்தத் தோங்கைத்தான் உதாரணம் காட்டினார்.

அவருடைய கேள்வி அன்றைக்குத் தொடங்கியது. கதவோர வரிசையில் யாரை உட்கார வைத்தாலும், அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, "ஆபத்துன்னா இந்தக் கதவ உங்களால தூக்க முடியுமா?" என்று கேட்பார். ஆளுக்குத் தகுந்தபடி தமிழ், மலாய், ஆங்கிலம். தலையாட்டினால் ஏற்க மாட்டார். நம் ஆட்களின் தலையாட்டலில் சரி, இல்லை, பார்க்கலாம், என்னை விடு எல்லாமே அடங்கியிருக்கிறது என்பது அவருடைய கட்சி. "வாயால சொல்லுங்க" என்பார். பக்கத்தில் நிற்பவர் பதில் சொன்னாலும் செல்லாது. தனக்குக் கீழே இருந்த ரஹீம் போன்றவர்களுக்கும் கண்டிப்பான உத்தரவு, யாராக இருந்தாலும் கேட்டாக வேண்டும். எங்கள் ஊழியர்கள் பயணம் போகும்போது அவர்களை வழக்கமாக அந்த வரிசையில்தான் போடுவோம். உடல் திடமானவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் என்று ஒரு நம்பிக்கை. அவர்களையும் கேட்க வேண்டும் என்றார். ரஹீமுக்கு அது பெரிய வேடிக்கை. சொந்த நண்பனையே நிற்க வைத்து, மிகவும் கறாராகக் கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

இதனால் எனக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை. எனக்கு நடுவில் எடை வேண்டும். நடு வரிசை காலியாக இருந்தால் என் கணக்கு இடிக்கும், ஆட்களை முன்னும் பின்னும் மாற்றி உட்கார வைக்கச் சொல்லி நான் கத்துவேன். அவர் சரியான ஆள் கிடைக்கவில்லை என்று அந்த வரிசையைக் காலியாகவே விட்டு அனுப்புவார். யாரையாவது போடுங்கள் அக்கா என்றால், யாரையாவதுதானே இத்தனை நாள் போட்டீர்கள் என்பார். அவரோடு வாதாடி நான் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை. அவருக்கு வேறு நினைவு இருந்திருக்கலாம், இனிமேல் கேட்க முடியாது.

ஒருமுறை பைராம் தோட்டத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கோலாலம்பூரில் வேலைக்கு நேர்முகம். விமானம் ஏறுவது முதல் தடவை, புதுச் சப்பாத்து காலைக் கடித்து இருவரும் நொண்டிக்கொண்டு நின்றார்கள். கதவோர வரிசை காலியாக இருந்தது. அதைக் கேட்டு ஒரு வியாபாரியும் நின்றார், வாரந்தோறும் பறப்பவர், இரண்டு கையிலும் கட்டுப் போடாத குறைதான், அவ்வளவு வாதநோய். அக்கா அந்த இளைஞர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். முதலாமவன் கூச்சமில்லாமல், "செம்பனைக் குலை வெட்டித் தூக்குற ஆளுக்கா நான். கேஸ் தோங்குலாம் ஒரு கனமா?" என்றான். அவனுக்கு அந்த இருக்கை கிடைத்தது. இரண்டாமவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குக்கா. வேணாம்" என்றான். நண்பன் அவன் முதுகில் தட்டிச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "இந்தக் கவுண்டர்ல உண்மை பேசுறவங்க ரொம்பக் கம்மி, தம்பி. நீ பின்னாடி நல்லா உக்காந்து போ" என்று சொல்லி, ஜன்னலோரமாக ஒரு இடத்தைத் தேடிக் கொடுத்தார். வியாபாரி விமானம் ஏறும்வரை அக்காவின் பெயரை எழுதிக்கொள்வதாக மிரட்டிக்கொண்டிருந்தார்.

கெப்பாலா பத்தாஸ் ஊர்ப் பெரியவர் ஒருவரின் விஷயம் மேலிடம் வரைக்கும் போனது. தென்னந்தோப்பும் செல்வாக்கும் உள்ள குடும்பம், கோயில் தலைவர், யாத்திரைக் கூட்டத்துக்கு அவர்தான் மூத்தவர். மகன்கள் முந்தின வாரமே யாரையோ பிடித்துக் காலை நீட்டும் இருக்கையைச் சொல்லி வைத்திருந்தார்கள். அக்கா கேட்டபோது மூத்த மகன் முந்திக்கொண்டு, அப்பாவால் எல்லாம் முடியும் என்றார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. பெரியவரிடம் மறுபடி கேட்டார். இரண்டாவது மகன், நாங்கள் யாரென்று தெரியுமா என்று ஆரம்பித்தார். தெரியும் என்றும், ஐயாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்ததும் தெரியும் என்றும், ஆனாலும் அவரே சொல்லட்டும் என்றும் அக்கா சொன்னார். பெரியவர் கைத்தடியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். பிறகு, "முடியாதும்மா. எங்க வீட்டுல என்னை யாரும் எதுவும் கேக்குறதில்ல. மரியாதையாம்" என்றார். மகன்களின் முகம் போன போக்கை நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து ரசித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

மகன்கள் புகார் எழுதினார்கள். நிலைய மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். விதியைக் காட்டினார் அக்கா, மேலாளரும் படித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் அந்தப் புகார் கோப்பில் இருந்தது. அந்த முறை பதவி உயர்வு வேறொருவருக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்று கவுண்டரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பெரியவர் மட்டும் யாத்திரை முடிந்து வந்ததும் ஒரு மூட்டை தேங்காய் அனுப்பி வைத்தார். மாதம் தவறினாலும் அந்த மூட்டை தவறாது. அக்கா அதை என் அறையில் இறக்கி வைத்து, எடை பார்த்துப் பங்கு போடச் சொல்வார். வேலை நேரத்தில் தேங்காய்க்கு எடை போட்ட அதிகாரி இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்காவுக்கு அந்தப் பதவி வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அவரை ஒரு சாமியாராக்கிவிடுவேன், அவர் சாமியார் இல்லை. டூட்டி மேனேஜர் நாற்காலி என்றால் அவருக்கு ஆசை, வெளிப்படையான ஆசை. எங்கள் நிலையத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அதில் உட்கார்ந்ததில்லை. ஏன் இவ்வளவு ஆசை என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன காரணத்தில் சம்பளமும் இல்லை, பெண் என்ற பெருமையும் இல்லை. "அந்த ரூம்ல ஒரு ஜன்னல் இருக்கு தம்பி. ஃப்ளைட் ஏறுறத பாக்கலாம். கவுண்டர்ல நிக்குறவளுக்கு ஃப்ளைட்டே தெரியாது. இத்தனை வருஷமா ஆளுங்கள அனுப்பி வைக்குறேன், எதுல அனுப்புனேன்னு பாத்ததில்ல" என்றார். என் அறைக்கும் ஜன்னல் உண்டு. நான் அதற்குத் திரை போட்டு வைத்திருந்தேன், வெயில் தாளில் அடிக்கும் என்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வாய்ப்பு மறுபடியும் வந்தது. இந்த முறை போட்டியில் அக்காதான் முன்னால் நின்றார். அதற்குள் கதவோர வரிசை பற்றிய சுற்றறிக்கை தலைமையகத்திலிருந்தே வந்துவிட்டது. கவுண்டரில் எல்லாரையும் பார்த்துக் கேட்டு உட்கார வைக்க வேண்டும் என்று அது சொன்னது. அக்கா பல வருடமாகச் செய்துகொண்டிருந்த காரியம் இப்போது உத்தரவாக வந்ததால், நிலைய மேலாளருக்கு அவர் மேல் மதிப்புக் கூடியிருந்தது. கோலாலம்பூரில் நேர்முகம். மேலாளரும் அதை நடத்தும் குழுவில் ஒருவர், அதே விமானத்தில் போகிறார். நேர்முகம் பெயருக்குத்தான் என்று ரஹீம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், பலகாரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டதாகவும் கேள்வி.

அந்த வருடம் அக்காவிடம் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. முத்திரையை இடது கையால் குத்துவார். தொலைபேசியை இடது கையால் எடுப்பார். பெட்டிகளை எடைமேடைக்குத் தள்ளும் நேரம் வந்தால் எப்படியோ ரஹீமைக் கூப்பிட்டுவிடுவார். வயது ஏற ஏற வந்த புது நாசூக்கு என்று நாங்கள் கேலி செய்தோம். அவரும் 'ஓம், ஓம்' என்று சேர்ந்து சிரித்தார்.

பயணத்தன்று காலை நான் எடைத்தாளோடு கவுண்டருக்கு வந்தேன். விமானம் நிறைந்திருந்தது. ரஹீம் கவுண்டரில் இருந்தான், அக்கா அவனுக்கு எதிரில் பயணியாக நின்றார், நல்ல பட்டுச் சேலை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் மேலாளர், கையில் பெட்டியோடு. ஊழியர் என்பதால் ரஹீம் அவருக்குக் கதவோர வரிசையைப் போட்டுவிட்டு, வழக்கமான விளையாட்டுக்குத் தயாரானான். எழுந்து நின்று, குரலைக் கனமாக்கி, "ஆபத்துன்னா இந்தக் கதவ உங்களால தூக்க முடியுமாக்கா?" என்று கேட்டான். மேலாளர் சிரித்தார். கவுண்டரில் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை.

"முடியாது" என்றார்.

ரஹீம் அதையும் விளையாட்டு என்றே நினைத்தான். "என்னலா அக்கா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றான். எனக்கு அந்த நொடியில் இடது கை, முத்திரை, தொலைபேசி எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. என் கையில் எடைத்தாள் இருந்தது. நான் முன்னால் போய், எடை சரியில்லை, அக்காவைப் பின்னால் மாற்ற வேண்டும், நானே சொல்ல வந்தேன் என்றேன். என் வேலைக்காலத்தில் எடையைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடையில ஒண்ணும் இல்ல தம்பி. கைதான். வலது கைய தோளுக்கு மேல தூக்க முடியல, ஒரு வருஷமா" என்றார். ரஹீமைப் பார்க்காமல், "வேற இடம் போடு" என்றார். பெட்டி தூக்கித் தூக்கியே தோள் தேய்ந்துபோயிருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். எந்தப் பயணியின் பெட்டியால் என்று சொல்ல முடியாது, எல்லாருடைய பெட்டியாலும்தான். மேலாளர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பெட்டியைக் கீழே வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் டூட்டி மேனேஜர் பதவிக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும் என்பது இன்னொரு விதி, கை விஷயத்தைக் காதால் கேட்டுவிட்ட பிறகு கேட்காததுபோல் இருக்க அவரால் முடியவில்லை.

நாற்காலி வேறொருவருக்குப் போனது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கவுண்டரும் போனது. காணாமல்போன பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. எனக்குக் கோபம் வந்தது, மேலாளர் மேல் அல்ல, அக்கா மேல். முழுசாக ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. பிறகு போய், முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய் இடத்தை மாற்றிக்கொண்டிருக்கலாமே, எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் யாருடைய பெட்டிக்கோ கயிறு கட்டிக்கொண்டிருந்தார், இடது கையாலும் பல்லாலும்.

"நான் அந்தக் கதவத் தூக்கிப் பாத்தவ தம்பி. முடியாதுன்னு எனக்குத் தெரியும். அவன் கேட்டுட்டான்" என்றார். வருத்தமில்லையா என்று கேட்டேன். "இல்லைன்னு சொன்னா அது பொய். ராத்திரியில நெனைச்சா அழுகை வரும். அந்த ஜன்னல் போயிருச்சே" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கடித்து இழுத்தார். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் ஓய்வுபெறும்வரை, மாலை விமானம் புறப்படும் நேரத்துக்கு என் அறைக்குத் தேநீர் குடிக்க வருவார். நான் திரையை எடுத்துவிட்டிருந்தேன். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. விமானம் ஓடுபாதையில் ஓடி மேலே எழும்பியதும், "இன்னிக்கு மூக்கு கொஞ்சம் கனமா?" என்று என் கணக்கில் குற்றம் கண்டுபிடிப்பார். அவருக்கு அது தெரிய வழியில்லை. ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் தாளை எடுத்துச் சரிபார்த்தேன்.

கிரீன் லேன் வீட்டுக்கு நானும் ரஹீமும் சேர்ந்துதான் போனோம். தேவாரம் முடிந்து, பெட்டியை மூடி, வண்டிக்குக் கொண்டுபோகும் நேரம் வந்தது. வாசலில் செங்குத்தான படிகள். அவருடைய தம்பி சத்தியசீலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, முன்பக்கத்து வலது மூலையைக் காட்டினார். "நீங்க பிடியுங்கோ அண்ணே. அக்கா உங்களைத் தம்பி தம்பி எண்டுதான் கதைப்பா. அந்த இடம் உங்களுக்குத்தான்" என்றார். அங்கிருந்த வேலைக்காலத்து ஆட்களில் நான்தான் மூத்தவன். முன் மூலை மரியாதைக்குரிய இடம். எல்லாரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.

சென்ற வருடம் எனக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் வீட்டாருக்கும் ரஹீமுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று இருந்தேன். நான் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டேன், சரி என்றா இல்லை என்றா என்பது எனக்கே தெரியாது. ரஹீம் எதிரில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை அவன் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"முடியாது தம்பி" என்றேன் சத்தியசீலனிடம். "நெஞ்சுல ஆப்பரேஷன் செஞ்சிருக்கேன். என்னால தூக்க முடியாது." குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியசீலன் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். இப்போது கவுண்டரில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் பின்னால் நின்றான், அக்காவை அவன் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை, நிலையத்தின் சார்பில் மாலை கொண்டு வந்தவன். அவனைக் கூப்பிட்டு, படி செங்குத்தாக இருக்கிறது, முன் மூலையைத் தூக்க முடியுமா என்று கேட்டேன். அவன் தலையாட்டினான்.

"வாயால சொல்லு" என்றேன்.

"முடியும்ண்ணே" என்றான்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: கேட்டால் வாயால் பதில் சொல்வது, முடியாததை நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்வது. அதைச் சொன்னதற்காக அவர் ஒரு நாற்காலியையும் ஒரு ஜன்னலையும் இழந்தார். நான் எதையும் இழக்கவில்லை. வெறும் கையோடு பின்னால் இறங்கினேன். பழக்கதோஷம், அவர்கள் படியிறங்கும்போது என் கண் பெட்டியின் நான்கு மூலைகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னாலும் சாயவில்லை, பின்னாலும் சாயவில்லை. அக்கா நேராகப் போனார்.